மூன்றாம் எண் குரங்கும் என் வீட்டுக்காரியும்

தென்காசியில் டாக்டர் இராமலட்சுமி அம்மாள் நடத்திய பிரசவ ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தேன். பெயர் சிவனணைந்தபெருமாள். பெயரின் நீளத்துக்குத் தக்க அறிவும் உண்டென்று நம்பியிருந்தேன். டாக்டர் வெளியே போயிருக்கும்போது வருகிறவர்கள் என்னையே டாக்டர் என்று நினைத்துக் கும்பிட்டால் திருத்த மாட்டேன்.

1938-இல் டாக்டரம்மாவை ஒரு நோய் பிடித்து ஆட்டியது. அவருக்கு வந்த நோயல்ல. அவரிடம் வந்த பெண்களின் நோய். கருப்பைக்குள் இருக்க வேண்டிய உள்சதை வெளியே வயிற்றுக்குள் போய் ஒட்டிக்கொண்டு வளருமாம். மாதாமாதம் கருப்பையில் இரத்தம் கசியும்போது அதுவும் கசியும். கசிந்தது வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கட்டும். “புத்துநோய் இல்ல பெருமாள். ஆளக் கொல்லாது. ஆனா மாசத்துக்கு நாலு நாள் செத்துப் பிழைக்க வச்சிரும்” என்றார்.

அமெரிக்காவில் ஒருவர் முயலின் கருப்பைச் சதையை எடுத்து அதன் வயிற்றுக்குள்ளேயே வேறு இடத்தில் தைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார் என்று ஒரு சஞ்சிகையில் படித்ததிலிருந்து அவருக்குத் தானும் செய்து பார்க்கும் ஆசை. ஆறு பெட்டை முயல் வாங்கி வரச் சொன்னார். செங்கோட்டையில் முயல் விற்கும் பரீதிடம் போனேன். “நான் பாத்து எடுத்துத் தாரேன் அண்ணாச்சி” என்றார். பிரசவ ஆஸ்பத்திரி கம்பவுண்டருக்குப் பெட்டையைக் காட்டித் தருவதாவது என்று நானே பொறுக்கினேன். இரண்டு மாதத்தில் ஆறு முயல் இருபத்து மூன்றாகிவிட்டது.

டாக்டர் திட்டவில்லை. “போகட்டும். முயலுக்கு மாசத்தீட்டே கிடையாது. கொரங்குக்கு உண்டு. கொரங்குல ஆணும் பொண்ணும் உங்களுக்கே தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

இலத்தூர்த் தோப்புகளில் குரங்கு பிடித்துக் கொடுக்கும் சங்கிலிப்பாண்டி நான்கு பெண் குரங்குகளைக் கொண்டுவந்து விட்டான். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கூண்டுகள். பெயர் வைக்கக் கூடாது, எண்தான் என்று டாக்டர் உத்தரவு. சதையைத் தைப்பதற்கு முன் அவற்றின் மாதக் கணக்குத் தெரிய வேண்டுமாம். குச்சியில் பஞ்சைச் சுற்றி, தினமும் காலையில் ஒவ்வொன்றுக்கும் தீட்டுக் கண்டிருக்கிறதா என்று பார்த்து எழுதுவது என் வேலை. சங்கிலிப்பாண்டி பிடித்துக்கொள்வான், கடி மட்டும் எனக்கு. நோயாளிகளோடு வந்தவர்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“என்ன அண்ணாச்சி, கொரங்குக்குப் பிள்ளப்பேறா?”

“ஆராய்ச்சி” என்பேன், கையில் பஞ்சுக் குச்சியோடு எவ்வளவு கம்பீரமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கம்பீரமாக.

மூன்று மாதம் போனதும் எனக்கு ஒன்று பிடிபட்டது. மூன்றாம் எண் குரங்கு இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை வாழைப்பழத்தைத் தொடாது. முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மூலையில் கிடக்கும். தீட்டு நின்றதும் எழுந்து பக்கத்துக் கூண்டின் பழத்தையும் பிடுங்கித் தின்னும். டாக்டர் சொன்ன நோய் இதற்குத் தானாகவே வந்திருக்கிறது என்று முடிவுகட்டி, நோட்டைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். “வாயுக் கோளாறா இருக்கலாம்லா?”

“அதெப்படி அம்மா? வாயு தேதி பாத்தா வரும்? மூணு மாசமும் கணக்கா இருவத்தெட்டு நாளுக்கு ஒருதரம் வந்திருக்கு. தீட்டோட வருது, தீட்டோட போவுது. சாப்பாடு இல்ல, மூலைல சுருண்டு கெடக்கு. சும்மா பாசாங்கு பண்ண அதுக்கு என்ன...”

அங்கே என் பேச்சு நின்றுவிட்டது. மாதம் மூன்று நாள் அடுப்படி ஓரத்தில் சுருண்டு கிடக்கும் என் வீட்டுக்காரி முப்பிடாதியம்மாளைப் பற்றிப் பதினோரு வருஷமாக நான் சொல்லிவந்த வார்த்தை அந்தப் ‘பாசாங்கு’. அந்த நாட்களில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளப்புக் கடையில் சாப்பிடுவேன்.

“என்ன பெருமாள்?” என்றார் டாக்டர்.

“வீட்டுக்குப் போயிட்டு வாரேன் அம்மா” என்றேன்.

நடு மத்தியானம். அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல், கையோடு வந்துவிட்ட நோட்டைப் பிரித்து, “எங்கன வலிக்கு?” என்று கேட்டேன்.

அவள் நோட்டைப் பார்த்தாள். “கொரங்குக்கு எழுதுத நோட்டுலயா என்னையும் எழுதப் போறீங்க?”

நோட்டை மூடினேன். அவளே சொன்னாள். “இடுப்புலருந்து தொடை வரைக்கும் துணியப் பிழியுத மாதிரி இருக்கும். வெளிக்கிப் போனா உசுரே போயிரும்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“கலியாணம் ஆன மூணாம் மாசமே சொன்னேன். ஓமத்தண்ணி குடுத்தீங்க.”

கொடுத்திருக்கிறேன். பதினோரு வருஷத்தில் எத்தனை பாட்டில் என்று நினைக்கவே கூசியது. பிள்ளை இல்லையென்று இரண்டு பேரும் ஏறி இறங்காத கோயில் இல்லை. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் படியை மட்டும் அவள் ஏறவில்லை. நான் கூப்பிடவில்லை.

மறுநாள் கூட்டிப்போனேன். டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார், சோதித்துப் பார்த்தார். அடுத்த வாரம் வயிற்றைத் திறந்தார். சினைப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. அதற்குள் காய்ச்சிய கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்த இரத்தம். ஒரு கிண்ணத்தில் போட்டு என்னிடம் காட்டினார். உட்கார ஸ்டூல் கேட்டேன். இருபது வருஷ சர்வீஸில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவள் தேறிய பிறகு மூன்றாம் எண்ணின் முறை. டாக்டர் மயக்க மருந்து கொடுத்துத் திறந்தார். உள்ளே அப்பழுக்கில்லை, கட்டி இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை. என் கண்டுபிடிப்பு அதோடு தீர்ந்தது.

“அப்போ அது ஏன் அம்மா அப்படிச் சுருண்டு கெடந்தது?”

“தெரியல. கொரங்கச் சொல்லச் சொல்லிக் கேக்க முடியாதே” என்றபடி அவர் தையல் போட்டார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதற்கு நான் நன்றியுடையவன்.

பிறகு நான்கு குரங்குகளுக்கும் கருப்பைச் சதையை எடுத்து வயிற்றுக்குள் தைத்துப் பார்த்ததில், முதலாம் எண்ணுக்குத் தைத்தது மட்டும் வளர்ந்தது. டாக்டர் அதைப் பற்றி நான்கு பக்கம் எழுதினார். சஞ்சிகைக்கு அனுப்புவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. கப்பல் தபாலை நம்ப முடியாது என்று அலமாரியில் வைத்தார். மயக்க மருந்தும் கிடைப்பது அரிதானதும் குரங்குகளை ஐந்தருவிப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டோம்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. வலி முழுக்கப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அடுப்படி ஓரத்துப் பாய் சுருட்டியே இருந்தது. மறு வருஷம் சாரல் விழுந்ததும் பக்கத்து வீட்டு மூக்கம்மாளோடு வண்டி கட்டிக் குற்றாலம் புறப்பட்டாள். மனசுக்குள் கணக்குப் பார்த்தேன், அவளுடைய அந்த மூன்று நாளில் ஒன்று. முந்தி அந்தத் தேதிகளில் அவள் வாசல்வரைகூட வர மாட்டாள்.

“நீங்க வர வேண்டாம். சோறு வடிச்சு வைங்க” என்றாள்.

வடித்தேன். குழைந்துவிட்டது. சாயங்காலம் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து, அந்தக் குழைந்த சோற்றையே இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள்.