கேரட் எடுத்துவிட்டு வருகிறேன் என்றவர்

அச்சகத்தில் ஒரு வாசகம் தயாராக இருக்கிறது. எந்த ஆண் இறந்தாலும் நினைவு மலரில் படத்துக்குக் கீழே 'அஞ்சா நெஞ்சர்' என்று போட்டுவிடுகிறார்கள். எங்கள் அப்பாவுக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரை அறிந்த நீங்கள் அதைப் படித்தால், திவச வீடு என்றும் பாராமல் சிரித்துவிடுவீர்கள். அப்பா பயந்த சுபாவம் உடையவர். இடி என்றால் பயம், நாய் என்றால் பயம், ஊசி என்றால் எல்லாவற்றையும்விடப் பயம். அவர் மகளாகிய நானும் அப்படித்தான். இதை எழுதும்போதும் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்பா பிறந்தது கொடும்பாளூர் அருகே ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தில். மழை பொய்த்ததால் படிப்பு நின்றது. ஊட்டியிலிருந்து புதுக்கோட்டைக்குக் கேரட் ஏற்றிவரும் லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். மலைப்பாதை வளைவுகளில் கண்ணை இறுக மூடிக்கொள்வாராம். "டிரைவராக்கிட்டாங்க, அப்புறம் கண்ண மூட முடியுமா? அதான் வேலைய விட்டுட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆலங்குடிப் பக்கம் அம்மாவுக்கு வந்த செம்மண் நிலத்தில், ஊட்டிக் காயை இங்கேயே விளைவித்துப் பார்ப்போம் என்று இறங்கினார். ஊரில் கேலி செய்யாதவர்கள் இல்லை. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐப்பசி மழை சற்று ஓய்ந்ததும் மேட்டுப்பாத்தி கட்டுவார். விதையை மணலில் கலந்து தூவுவார். மார்கழிப் பனியில் குனிந்து, நெருக்கமாக முளைத்ததைக் களைவார். கிழங்கின் தலை வெயில் பட்டுப் பச்சையாகாமல் மண் அணைப்பார். மாசியில் பிடுங்குவார். என்னைப் படிக்கவைத்து, புதுக்கோட்டையில் ஒரு அலுவலகத்தில் உட்காரவைத்தது அந்தக் கேரட்தான்.

போன வருடத்துக்கு முந்தைய வருடப் புரட்டாசியில், அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு இருக்கிறது, பைபாஸ் செய்ய வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். "கேரட் எடுத்திட்டு வாரேன் சார்" என்று அப்பா எழுந்துவிட்டார். அப்போது விதைகூடப் போடவில்லை. நாங்கள் அழுதோம், கெஞ்சினோம், சண்டை போட்டோம். கல்லில் நார் உரித்த கதைதான். ஐப்பசியில் விதைத்ததை மழை அடித்துக்கொண்டு போனது. கார்த்திகையில் மறுபடி விதைத்தார். அதாவது ஆப்பரேஷனும் அவ்வளவு தள்ளிப்போனது.

அந்த மாதங்களில் அலுவலகத்தில் போன் அடித்தாலே வீட்டிலிருந்துதானோ என்று ஓடிப்போய் எடுப்பேன். காலையில் வயலில் மோட்டார் சத்தம் நின்றுவிட்டால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். அப்பா குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பார். அம்மா திரும்பி வந்து அடுப்பைக் கவனிப்பார். கேரட் விளைந்தால்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார் என்பதால், விவசாயமே தெரியாத நானும் விடிந்ததும் போய்ப் பாத்தியைப் பார்த்து, சீக்கிரம் வளரேன் என்று வேண்டிக்கொண்டேன்.

மார்கழி முடிவில் இலை திடீரென்று முழங்கால் உயரத்துக்கு மதமதவென்று எழும்பியது. அப்பா ஒன்றைப் பிடுங்கினார். அடியில் எலிவால் போல ஒரு வேர், அதுவும் இரண்டாகப் பிரிந்து.

"யாரு யூரியா போட்டது?" என்றார்.

"நாந்தாங்க. சீக்கிரம் வெளஞ்சா சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போவீங்கன்னு போட்டேன்" என்றார் அம்மா.

"யூரியாவக் கொட்டுனா எலைதானே புள்ள வரும்? கெழங்கு எங்கிட்டு வரும்?"

அம்மா வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கல்யாணமான நாள் முதல் அந்த வயலில் வேலை செய்தவர். கேரட்டுக்கு யூரியா அளவு மிஞ்சக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். பயம் அறிவை மறைத்துவிட்டது. அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஒனக்கு அம்புட்டுப் பயமா?"

"ஒங்களுக்கு இல்லையாங்க?"

"பயமா இருக்கப் போயித்தானே புள்ள இத வெதச்சேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "பொங்கல் கழியட்டும், போவோம்" என்றார்.

சொன்னபடி போனார். தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது என் கையைப் பிடித்து, "ஆத்தா, ரொம்பப் பயமா இருக்கு" என்று வெளிப்படையாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாசியில், நாற்காலியில் உட்கார்ந்தபடி எங்களைப் பிடுங்கவைத்தார். எல்லாம் கோணல்மாணல் கிழங்கு. வியாபாரி தொடமாட்டார் என்பதால் வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். உங்களில் பலர் வாங்கிப் போயிருப்பீர்கள்.

இனிப் பயமில்லை என்று நாங்கள் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கிய மாசிக் கடைசியில், அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது. ஆம்புலன்ஸில் அம்மாவிடம், "ரெண்டு வரிசை பாக்கி இருக்கு, மாட்டுக்குப் போட்றாத" என்றார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எங்களை விட்டுப் போய்விட்டார்.

அந்த இரண்டு வரிசையை அக்கம்பக்கத்தார் பிடுங்கித் தந்தார்கள். கருமாதிப் படையலுக்கு அம்மா அதை நறுக்க உட்கார்ந்தபோது, அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை தடுத்தார். "இங்கிலீசுக் காயி படையலுக்கு ஆகாதுத்தா. காக்கா எடுக்காமப் போயிட்டா என்ன செய்வ?" எங்கள் வழக்கமும் அதுதான். வாழைக்காய், அவரை, பூசணி என்று நாட்டுக் காய்தான் வைப்போம். அம்மா பயந்து எழுந்துவிட்டார். ஆயுள் முழுவதும் எதை விளைவித்தாரோ, அது அப்பாவின் இலையில் இல்லை.

இந்தக் குளிருக்கு அம்மா தனியாகப் பாத்தி கட்டி விதைத்தார். யூரியா மூட்டைப் பக்கமே போகவில்லை. கிழங்கு நேராக, நன்றாக வந்திருக்கிறது. முதலாண்டுப் படையலுக்கு அதை வைக்கப்போகிறேன் என்று அத்தையிடம் போனில் சொன்னார். அத்தை, "ஒனக்குப் பயமா இல்லையாத்தா?" என்று கேட்டார்.

"பயமாத்தான் இருக்கு மதினி. அவரும் பயந்துக்கிட்டேதானே போனாரு. நானும் பயந்துக்கிட்டே வைக்கிறேன்."

ஆம்புலன்ஸை விரட்டி ஓட்டிய டிரைவர் தம்பிக்கும், கடைசி வரிசைகளைப் பிடுங்கித் தந்த அண்டை வயல்காரர்களுக்கும், அன்று தடுத்தாலும் இன்று வரச் சம்மதித்த அத்தைக்கும், எங்கள் துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலர் அச்சுக்குப் போகும்போது, காகம் எடுக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. அதுதான் என் பயம். இது உங்கள் கைக்கு வரும்போது பந்தியில் இலை போட்டிருப்பார்கள். ஓரத்தில் கொஞ்சம் கேரட் பொரியல் இருக்கும். தயவுசெய்து அதை ஒதுக்கிவைத்துவிடாதீர்கள். அம்மா தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.