திரிந்த நீலம்

பிலிப்பைன்ஸிலிருந்து வந்திருந்த ஒரு பெண் சுவரோவியருக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஆலைகளுக்குப் பின்னால் இருக்கும் தெரு. கெட்டுப்போன நிலத்தடி நீரைப் பற்றி ஊர் பேச வேண்டும் என்று, சுவர் நிறைய ஒரு நீலக் கிணறு வரைய நினைத்திருந்தார்.

பெயிண்டில் கலக்க, தெருமுனை அடிபம்பில் நானே தண்ணீர் அடித்துக் கொடுத்தேன். கலக்கிய சற்று நேரத்தில் நீலம் கெட்ட பால் மாதிரித் திரிந்துவிட்டது.

எதிர்வீட்டு அக்கா குடத்தோடு ஓடி வந்தார். "அது ஆகாதும்மா. இது நாங்க குடிக்கிற லாரித் தண்ணி, இதுல கலக்குங்க."

அடுத்த லாரி எப்போது வரும் என்று ஓவியர் கேட்கச் சொன்னார்.

"வந்தாத்தேன் தெரியும். அம்புட்டுத்தேன்."

நான் அதைச் சொன்னதும் அவர் குடத்தை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். திரிந்த நீலத்தையே அள்ளிச் சுவரில் பூசினார். கிணறு கட்டிகட்டியாக வழிந்தது.

சுவரைப் பாழாக்குகிறாரே என்று எனக்குக் கோபம். அக்கா சுவரைப் பார்த்துவிட்டு, "இது எங்க கெணறுதேன்" என்றார்.

அந்த வழியே போகிறவர்கள் மட்டமான பெயிண்ட் என்கிறார்கள். நான் வாதாடுவதில்லை. இதே ஊரில் பிறந்து வளர்ந்தும், அந்தப் பம்பை நம்பி அடித்தவன்தானே நானும்.