ராமுத்தாய் மதினி கொடுத்த ஜாமீன்

மணிக்கட்டில் காப்புக் கயிற்றின் மஞ்சள் ஈரம்... விரலிடுக்கில் எவ்வளவு கழுவினாலும் போகாத வெடிமருந்து வாசனை...

பங்குனி பிறந்தால் எனக்கு இந்த இரண்டும் நினைவுக்கு வந்துவிடும். கூடவே ஒரு பிடிவாரண்டும்.

சிரிக்காதீர்கள். என் பெயரில்தான்! வாய்தாவுக்கு வராதவளைப் பிடித்துக் கொண்டுவரச் சொல்லி சாத்தூர் கோர்ட்டு போட்ட வாரண்ட்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் சரம் பின்னிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயது. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். ஊர்க் கிணற்றடியில் வரிசையில் வைத்திருந்த என் குடத்தை எதிர்வீட்டு ராமுத்தாய் நகர்த்திவிட்டாள் என்று, அவள் குடத்தையே பிடுங்கி அவள் நெற்றியில் ஒரு போடு போட்டேன். வலது புருவத்தில் மூன்று தையல்.

அவள் சும்மா விடுவாளா? நேரே போலீஸ் ஸ்டேஷன். கேஸ் ஆகிவிட்டது.

அதுவரை அவள் எனக்கு மதினி, அண்ணி முறை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அன்றிலிருந்து வெறும் 'அவ'.

வாய்தா நாள் எங்கள் ஊர் மாரியம்மன் பொங்கலோடு வந்து மாட்டிக்கொண்டது. தீச்சட்டி எடுக்க நான் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆலைக்கெல்லாம் லீவு. ஐயா, அதாவது என் அப்பா, உறுதியாகச் சொன்னார்.

"ஊரே லீவு விட்டுருக்கு... கோர்ட்டு மட்டும் தெறந்தா வச்சிருப்பாக?"

திறந்துதான் வைத்திருந்தார்கள்.

பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்து ஊருக்குள் என் பெயரைச் சொல்லி விசாரித்தார். அப்படி ஒருத்தி இந்த ஊரிலேயே இல்லை என்று எல்லோரும் சாதித்துவிட்டார்கள். என்ன ஏது என்று தெரியாமல் ஐயா மறுநாளே சாத்தூருக்குப் போனார். ஒரு வக்கீல் குமாஸ்தா உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாராம்.

"ஒம் மகளுக்குப் பிடிவாரண்டுய்யா. சாட்சி சொல்ல வராததுக்கு அந்தப் புகார் குடுத்த பொம்பளைக்கும் சேத்துப் போட்டுருக்காக. போலீசு பிடிச்சிட்டு வாறதுக்கு முந்தி நீங்களே வந்து நின்னுருங்க. ஜாமீனுக்கு நிலம் உள்ள ஆளு வேணும், தீர்வை ரசீதோட."

எங்களுக்கு ஏது நிலம்? ஆலைக் கணக்கப்பிள்ளை தான் வருவதாக ஐயாவிடம் வாக்குக் கொடுத்தார்.

திங்கட்கிழமை முதல் பஸ். முன்சீட்டில் ராமுத்தாய், மடியில் ஒரு மஞ்சப்பை. கடைசி சீட்டில் நானும் ஐயாவும். வழியெல்லாம் நான் அவள் கொண்டையையே முறைத்துக்கொண்டு போனேன்.

மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார். "ஏம்மா அன்னைக்கு வரலை?"

"காப்புக் கட்டியிருந்தேன் எசமான். எல்லையத் தாண்டப்படாது."

அடுத்து அவளைக் கேட்டார். அவளும் எழுத்துப் பிசகாமல் அதையே சொன்னாள். கோர்ட்டே சிரித்தது. அவளை எச்சரித்து வாரண்டை ரத்து செய்துவிட்டார். நான் அடித்தவள் அல்லவா... எனக்கு ஜாமீன்தார் கட்டாயம் வேண்டும் என்றார்.

கணக்கப்பிள்ளை வரவில்லை. மதிய பஸ்ஸிலும் வரவில்லை. சாயங்காலத்துக்குள் ஜாமீன் இல்லையென்றால் சப்-ஜெயில் என்று குமாஸ்தா காதோடு சொன்னார். வைகாசியில் எனக்குத் திருத்தங்கலில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஜெயிலுக்குப் போய் வந்தவளை எந்த மாமியார் வீட்டுக்குள் விடுவாள்? வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். ஐயா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வேலை முடிந்தும் ராமுத்தாய் மதிய பஸ்ஸுக்குப் போகவில்லை. வராந்தாவின் அந்தக் கோடியிலேயே இருந்தாள். கடைசியாக என்னைக் கூப்பிட்டபோது அவளும் எழுந்து பின்னாலேயே உள்ளே வந்தாள். தனக்கே ஜாமீன் கேட்பார்களோ என்று கொண்டுவந்திருந்த ரசீதை மஞ்சப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"எம் பேருல ரெண்டு ஏக்கர் கரிசக்காடு கெடக்கு எசமான். இது ஆகுமா?"

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "புகார் கொடுத்ததே நீதானேம்மா?"

"அடிச்சா, கேசு குடுத்தேன். ஜெயில்ல போடவா சொன்னேன்? கல்யாணம் வச்சிருக்க பிள்ளை எசமான்... கொடத்த நகத்துனது நாந்தேன். அதையும் எழுதிக்கிடுங்க."

பெருவிரல் மையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வந்தாள். என்னிடம் நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"அடுத்த வாய்தாவுக்கு ஒழுங்கா வந்துருத்தா. நீ ஓடிட்டேன்னா எங் காடு போயிரும்."

"வந்துருவேன் மதினி."

திரும்பும்போது ஒரே சீட்டில் வந்தோம். அடுத்த வாய்தாவிலேயே கேஸ் ராஜியாகிவிட்டது. ஆனால் அவள் விடவில்லை. கல்யாணமாகிப் போன பிறகும், தாய்வீடு வந்து நான் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று மிரட்டுவாள்.

"ஏத்தா, எஞ் ஜாமீன்ல இருக்கவ நீ. சொல்லாம ஊரவிட்டுப் போகப்படாது!"

ஐம்பது வருஷத்துக்கு மேல்... ஒரு தடவைகூட நான் சொல்லாமல் பஸ் ஏறியதில்லை.

என் தம்பி மகள் இப்போது சிவகாசியில் வக்கீல். யார் மேல் என்ன கேஸ், வாய்தா என்றைக்கு என்று உட்கார்ந்த இடத்திலேயே போனில் பார்த்துவிடுகிறாள். எங்கள் கேஸைத் தேடச் சொன்னேன். "அம்புட்டுப் பழசெல்லாம் இதுல இருக்காது அத்தே" என்றாள். நல்ல வசதிதான். ஐயா இருந்திருந்தால் அலைச்சல் மிச்சமாயிற்றே என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்தப் போனில்தான் போன பங்குனியில் சேதி வந்தது. மதினி தூக்கத்திலேயே போய்விட்டாளாம். போய்ப் பார்த்தேன். வலது புருவத்தில் அந்த மூன்று தையல் தழும்பும் அப்படியே இருந்தது. அதைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

என்னை அத்தனை வருஷம் மிரட்டியவள்... தான் கிளம்பும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.