மணிக்கட்டு பெல்ட்டைப் பிடுங்கிய வீட்டில் கர்த்தர் செய்தது

கை உடைந்ததுகூட எனக்குப் பெரிய வேதனை இல்லை, சகோதர சகோதரிகளே. உடைந்த கையோடு நான் இருந்த வீடுதான் வேதனை.

போன மழைக்காலத்தில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஈரப் படியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு அந்த ஊர் டாக்டர் ஒரு பெல்ட் மாட்டிவிட்டார். உள்ளே தகடு வைத்தது. மணிக்கட்டை அசைய விடாது. "எலும்பு இன்னும் முழுசா சேரலம்மா. கழட்டிட்டு வெயிட் தூக்கினா கை கோணிக்கும்" என்று எச்சரித்து அனுப்பினார்.

முதுநகரில் என் மச்சாண்டார், அதாவது கணவரின் அண்ணன், டிபன் கடை வைத்திருக்கிறார். மேல்மாடியில் எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்தோம். கணவர் லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வெளியூர். கல்யாணமாகி வந்ததிலிருந்து தோசைக்கல் என் தலையில்தான்.

"என்னாடி, குஸ்திக்கா போற? கழட்டிப் போட்டுட்டு கல்லாண்ட நில்லு" என்பார் மச்சாண்டார், சாப்பிட வந்தவர்கள் முன்னாலேயே. "சீரியல்ல நடிக்கலாம் இவ" என்று அவர் மனைவி சிரிப்பாள். கணவரிடம் போனில் அழுதால், "அண்ணன் சொன்னா அனுசரிச்சுப் போயேன்" என்பார். எனக்கு யாருமே இல்லை.

ஒரு காலையில் கூட்டம் நெரிந்தது. இடது கையால் ஊற்றிக்கொண்டிருந்தேன். மச்சாண்டார் வந்து என் வலது கையைப் பிடித்து, பட்டைகளைப் பிய்த்து, பெல்ட்டைப் பின்பக்கச் சாக்கடையில் எறிந்தார். "இப்ப ஊத்துடி" என்று மாவுப் பாத்திரத்தை அந்தக் கையில் திணித்தார். வலி தோள் வரை வெட்டியது. பாத்திரம் விழுந்தது. என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார்.

கொல்லைக்கு ஓடினேன். சாக்கடை ஓரம் மண்டியிட்டேன். பணிவாக ஜெபிக்கவில்லை, கத்தினேன். "ஆண்டவரே, நீரும் இவங்க பக்கமா? எனக்காகப் பேச ஒரே ஒரு ஆள் கொடும்! இல்லன்னா இனிமே உம்மகிட்ட கேக்க மாட்டேன்!"

பின்னால் செருப்புச் சத்தம். திரும்பினால் என் கணவர். நெல்லிக்குப்பத்தில் ஏற்ற வேண்டிய சர்க்கரை லோடு அன்று ரத்தாகியிருந்தது. நான் கத்தியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. சாக்கடைக்குள் கைவிட்டுப் பெல்ட்டை எடுத்தார். நேரே கடைக்குள் போனார்.

"இத யாரு போட்டது?"

"நான்தான். என்னாங்கற இப்ப?" என்றார் அண்ணன்.

அண்ணன் முன்னால் தலை நிமிராத மனிதர் அவர். அன்று அண்ணன் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "இன்னொரு தபா அவ கைய தொட்ட, நான் தம்பியா இருக்க மாட்டேன்."

"அப்ப வெளிய போடா, ரெண்டு பேரும்!"

போனோம். ஒரே பையோடு சிதம்பரம் பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவர் என் கையைத் தன் மடியில் வைத்துத் தாங்கிக்கொண்டே வந்தார்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "நல்லவேளை, எலும்பு விலகல" என்றார். புது பெல்ட் போட்டேன், பயிற்சி செய்தேன். இன்று இந்தக் கையால் தண்ணீர்க்குடம் தூக்குகிறேன். இப்போது சிதம்பரத்தில்தான் தனியாகக் குடியிருக்கிறோம்.

மச்சாண்டார் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு கல்யாணத்தில் எங்களைப் பார்த்துக் காறித் துப்பினார். அவருக்காகவும் ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். ஆண்டவருக்கு அது தெரியும்.

உங்களை நம்பாத வீட்டில் இருக்கிறீர்களா? அழகான வார்த்தை தேடாதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடே அவரிடம் போங்கள். என்னை அவர் தள்ளவில்லை. என் வீட்டுக்காரரின் வாயைத் திறந்தவருக்கே ஸ்தோத்திரம்.