நாலு விரல் குறைத்த கணக்கு

என் மகளுக்கு நாற்பது வயசு நெருங்குகிறது. ஈப்போவில், புந்தோங் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் சோறாக்குகிறாள். ஆஸ்பத்திரியில் தாதிகளுக்கு உதவியாக இருக்கிற வேலைக்குப் பயிற்சி எடுக்கணும் என்று அவளுக்கு ஆசை. அதற்குப் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை, எஸ்.பி.எம்., அதில் கணக்கு பாஸ் வேணும் என்று சொல்லிவிட்டார்கள். பதினேழு வயசில் கோட்டை விட்ட அந்த ஒரு பாடத்தை மறுபடி எழுதப் பேர் கொடுத்தாள்.

கேன்டீன் மூடிய பிறகு, மத்தியானத்தில், வீட்டு மேசையில் தாளைப் பரப்பிக்கொண்டு உட்காருவாள். போன் வீடியோவில் ஒரு மலாய்க்காரப் பெண் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். மற்றதெல்லாம் ஒருமாதிரி வந்துவிட்டது. சிலிண்டர்தான் வரவில்லை. எனக்கு மூணாம் வகுப்போடு சரி. அந்தத் தாளில் எனக்குப் புரிந்தது படம் மட்டும்தான். வட்ட வாய், நேரான உடம்பு. வாளி.

"அண்ணன்கிட்ட காட்டுவோம்மா," என்றாள்.

அண்ணன் என்றால் என் மகன். எஞ்சினியர். ஈப்போவிலேயே அந்தப் பக்கம் பெரிய வீடு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். போன நேரம் அவனுடைய மாமனார் மாமியார் ஹாலில் இருந்தார்கள். மகள் தயங்கித்தான் தாளை நீட்டினாள்.

சிலிண்டர் மாதிரி ஒரு வாளி. வாய் இவ்வளவு, உயரம் முப்பது சென்டிமீட்டர். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கேள்வி. வாயைப் பாதியாக்கி, பெருக்கி, வகுத்து, எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாளாம். உயரத்தால் பெருக்குகிற இடத்தில் மட்டும் முப்பது போடாமல் இருபத்து மூணு போட்டிருக்கிறாள்.

"இந்த ஏழு எங்க போச்சு?" என்றான்.

"மேல நாலு விரல் விடணும்லண்ணே. இல்லன்னா தளும்பிடும்."

அவன் சிரித்த சிரிப்பில் மாமனார் பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "பாருங்க மாமா, தோட்டத்தை விட்டு வந்து இருபது வருஷம் ஆச்சு, தங்கச்சி இன்னும் காண்டா தூக்குது லா!"

எல்லாரும் சிரித்தார்கள். மருமகளும்தான்.

சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நான் பால் மரம் வெட்டினேன். லீவு நாளில் மகள் என்னோடு பால் எடுக்க வருவாள். தோளில் காண்டாக் கம்பு, இரண்டு முனையிலும் வாளி. மேட்டில் ஏறும்போது தளும்பினால் பால் மண்ணுக்குப் போய்விடும். அதனால் நாலு விரல் விட்டுத்தான் ஊற்றுவோம். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை, தோள் சொல்லித் தந்தது. மகனை அவன் அப்பா காட்டுக்கு விடவில்லை. ஆம்பளப் புள்ள படிக்கட்டும் என்றார். படித்தான். அவன் சட்டையில் பால் கறை பட்டதே இல்லை. எங்கள் தோளில் காய்த்தது, அவனுக்குக் கேலி பண்ண உதவியது.

"கேட்ட மாதிரி முப்பது போடு, தங்கச்சி. தளும்பினா தளும்பட்டும்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தான். "யூடியூப்ல நெறைய இருக்கு. அண்ணன் பிஸி."

பத்து நிமிஷம் இருக்கும். அவன் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மகள் தாளைத் தொடவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்து மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் சிரிச்சான்னு நிறுத்திட்டியா? போய் எழுதி பாஸ் பண்ணி அவன் மூஞ்சியில வீசு," என்றேன்.

"அது ஒன்னோட ரோஷம்மா. எனக்கு வேணும்னா நானே எழுதுவேன்."

சுருக்கென்றது. எழுந்து போனேன். இரண்டு நாள் கழித்து அவளே தாளை எடுத்தாள்.

பரீட்சை முடிந்து வந்தவளிடம், "வாளி வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வாளி வரல, தண்ணித் தொட்டி வந்துச்சு. விளிம்பு வரைக்கும் ஊத்திட்டேன்."

பாஸ். பெரிய மார்க் இல்லை, ஆனால் பாஸ்.

போன மாதம் கோயில் அன்னதானத்தில் எல்லாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மகன் மாமனாரிடம் சத்தமாகச் சொல்கிறான்: "நான்தான் மாமா உட்கார வெச்சு சொல்லிக் கொடுத்தேன். சிலிண்டர்னாலே பயப்படும். ஞாயித்துக்கிழமை ஆனா தாளைத் தூக்கிக்கிட்டு வந்துடும்."

இலையிலிருந்து கையை எடுத்தேன். வாயைத் திறப்பதற்குள் மகள் என் முழங்காலை அழுத்தி, காதோடு சொன்னாள். "பயிற்சிக்கு ஜாமீன் கேக்கறாங்கம்மா. அண்ணன்தான் கையெழுத்து போடணும். சும்மா இரு லா."

புருஷனுக்கும், கணக்கு எழுதுகிற தோட்டத்துக் கிராணிக்கும் மூடாத வாய் இது. மூடிக்கொண்டேன். மாமனார் என்னைப் பார்த்து, "குடுத்து வெச்சவங்க நீங்க," என்றார். தலையை ஆட்டினேன். இலையை மடித்தேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டான். அடுத்த வாரம் அவளுக்குப் பயிற்சி தொடங்குகிறது. அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு வருவோம் என்று இன்று காலையில் கூப்பிட்டாள். நீ போய்ட்டு வா என்றேன். பழம் வாங்கிக்கொண்டு அவள் மட்டும் பஸ் ஏறிப் போயிருக்கிறாள்.