மாடுகள் மறந்த கடை

அரசாங்கம் ஊருக்கு ஊர் சாராயக்கடையைத் திறந்துவிட்டதே, அதற்கு மறு வருஷம் நடந்தது இது. எந்த வருஷம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் மூத்தவளுக்கு அப்போது நாலு வயசு, சின்னவன் கைப்பிள்ளை. எழுதப் படிக்கத் தெரியாதவள் நான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "சுருக்கமாச் சொல்லு அம்மாச்சி" என்கிறாள். எனக்குச் சுருக்கமாகப் பேச வந்திருந்தால் என் மாமியாரோடு அத்தனை சண்டை வந்திருக்காது.

எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம். மழை பெய்தால் மிளகாய், பருத்தி, கம்பு. பெய்யாவிட்டால் கருவேல முள். என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி வைத்திருந்தார். மிளகாய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்னால் கிளம்பி, அருப்புக்கோட்டை கமிஷன் கடையில் இறக்கிவிட்டுப் பொழுது அடையத் திரும்புவார். அவர் வீட்டுக்குள் நுழைந்தால் எல்லாரும் தும்முவோம். வேட்டியில், தலைத்துண்டில், மீசையில்கூட மிளகாய் நெடி.

கடை திறந்த பிறகு அந்த நெடியோடு சாராய வாடையும் சேர்ந்தது. ரோட்டோரத்தில் ஒரு புளியமரத்தடியில் இருந்தது அந்தக் கடை. கடைக்காரன் கெட்டிக்காரன். வண்டிக்காரர்கள் நிற்கட்டும் என்று வாசலில் ஒரு கல்தொட்டி போட்டு, மாடுகளுக்குத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான். மாடு வெளியே குடிக்கும், ஆள் உள்ளே குடிப்பார். எங்களிடம் இருந்தது ஒரு மயிலை, ஒரு செவலை. இவர் வண்டியில் சுருண்டு தூங்கினாலும் அவை இரண்டும் தானாக நடந்து வாசலுக்கு வந்துவிடும். சில நாள் போதையில் செவலையைச் சாட்டைக்கம்பால் அடித்துவிடுவார். அதன் முதுகில் ஒரு தழும்பு இருந்தது. என் கையிலும் ஒன்று இருந்தது. அதை விடுங்கள்.

வண்டிச் சலங்கை கேட்டால் தெருப்பிள்ளைகள் எல்லாம் அவரவர் அப்பனைப் பார்த்து ஓடும். என் மகள் மட்டும் ஓடிப்போய்க் கம்பு கொட்டிவைக்கும் குலுக்கைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். ஒரு நாள் அவர் நல்ல நிதானத்தில் இருக்கும்போதே "இங்க வா தாயி" என்று கூப்பிட்டார். பிள்ளை நின்ற இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டது. மறுநாள் காலையில் குளித்துவிட்டு அய்யனார் கோயிலுக்குப் போய், எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். இனிக் குடிப்பதில்லை, சாட்டை தொடுவதில்லை. உள்ளங்கையில் கொப்புளத்தோடு வந்து நின்றார். நான் விளக்கெண்ணெய் தடவினேன். நம்பினேனா என்றால், இல்லை.

முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. கை நடுங்கியதில் மாட்டைப் பூட்டும் கயிற்றுக்கு முடிச்சுப் போட முடியவில்லை. நான்தான் போட்டுக்கொடுத்தேன். வேர்த்துக் கொட்டியது. தூக்கம் கிடையாது. கதவு கிறீச்சென்றாலும் கோபம். பிறகு ஒரு விசித்திரம். அடுக்குப்பானையில் இருந்த கருப்பட்டி காணாமல் போக ஆரம்பித்தது. எலியா, பிள்ளையா என்று பார்த்தால், இவர் மடியில் ஒரு துண்டு.

பத்து நாள் போயிருக்கும். சோற்றில் கைவைத்த மனுஷர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏ பிள்ள, என்ன இது, கொழம்பு உப்பாக் கரிக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் குடித்த காலம் முழுக்க நான் எங்கள் உப்புக் கிணற்றுத் தண்ணீரில்தான் அவருக்குச் சமைத்தேன். ஊருணித் தண்ணீர் எடுக்க அரை மைல் நடக்க வேண்டும். அது பிள்ளைகளுக்கு மட்டும். இவருக்கு என்ன தெரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். உண்மையிலேயே தெரியவில்லை. இப்போது நாக்கு திரும்பி வந்துவிட்டது.

"கெணத்துத் தண்ணிக் கொழம்பு கரிக்காம என்ன செய்யும்? ஊருணித் தண்ணிதான் வேணும்னா நீங்களே போய் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

எடுத்து வந்தாரே. ஆம்பளை தோளில் குடத்தோடு தெருவில் வந்ததைப் பார்த்து ஊரே கூடிச் சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரி, எனக்கு மதினி முறை, "அண்ணனுக்கு இடுப்புல வைக்கப் பழக்கிவிடு" என்றாள். அவருக்கும் சிரிப்பு. அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாகியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டது நான்தான்.

அதே மதினி ஒரு நாள் டவுனுக்குப் போய்விட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினாள். நேராக என் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் பாத்தேன். ஒங்க வண்டி அந்தக் கடை வாசல்ல நிக்குது. செவலையக்கூடவா எனக்கு அடையாளம் தெரியாது?"

சலங்கைச் சத்தம் கேட்கும்வரை தெருவிலேயே நின்றேன். அவர் இறங்கினார். கையில் ஒரு ஓலைக்கொட்டான். அருப்புக்கோட்டையில் பிள்ளைகளுக்கு வாங்கிய கருப்பட்டி மிட்டாய். மகள் குலுக்கைக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தாள். முதல் தடவையாக ஒரு அடி வெளியே வந்தாள். நான் கொட்டானைப் பிடுங்கித் தெருவில் வீசினேன்.

"கடை வாசல்ல நின்னுட்டு வந்த கையால எம்பிள்ளைக்கு ஒண்ணும் வேணாம்."

"நின்னது நெசந்தான். குடிக்கல. வேணும்னா ஊதிக் காட்டுறேன், மோந்து பாரு."

முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். நான் திரும்பிக்கொண்டேன். தெரு முழுக்க ஆட்கள். அவர் குனிந்து புழுதியில் கிடந்த மிட்டாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொட்டானில் போட்டார். மகள் மறுபடி குலுக்கைக்குப் பின்னால் போய்விட்டாள்.

அவர் அப்படியே திரும்பிக் கடைக்கே நடந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? அவர் போகவில்லை. அடுத்த லோடு அன்று, "நீயும் வண்டியில ஏறு" என்றார். அவ்வளவுதான். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு மிளகாய் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது புளியமரம் தூரத்தில் தெரிந்ததுமே அவர் மடியிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார். கிட்ட வந்ததும் செவலை தானாக ரோட்டை விட்டு இறங்கியது. மயிலையும் கூடவே போனது. நேராகத் தொட்டிக்குப் போய் வாயை வைத்துவிட்டு, குடித்து முடித்த பிறகும் கல்லாக நின்றன. இவர் நாக்கைச் சுழற்றிச் சத்தம் கொடுத்தார், கயிற்றைச் சுண்டினார். அசையவில்லை. சாட்டை எடுத்தால் ஒரு நொடியில் நகரும். அதைத்தான் சத்தியத்தில் விட்டாயிற்றே. இறங்கி இழுக்கலாம் என்றால், கால் தரையில் பட்டால் கடைக்குள் போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

மரத்தடியில் இருந்த ஒருத்தன் கூவினான்.

"ஏலே, மாட்டுக்கு இருக்குற பாசம்கூட ஒனக்கு எங்க மேல இல்லையா? எறங்குலே."

எல்லாரும் சிரித்தார்கள். இவர் கடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாயில் இருந்த கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்த வாடை எனக்கே மூக்கில் ஏறியது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஒவ்வொரு லோடுக்கும், சூடம் அணைத்த நாளில் இருந்து, இந்த மனுஷர் மாடு தானாக நகரும்வரை இங்கே இப்படித் தன்னந்தனியாக உட்கார்ந்துதான் வந்திருக்கிறார்.

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"மாடு நின்னுச்சுன்னு சொன்னா நீ நம்புவியா?"

நம்பியிருக்க மாட்டேன். சத்தியமாக மாட்டேன். நான் வண்டியிலிருந்து குதித்தேன். செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, அதன் நெற்றியைத் தடவி, "வாப்பா, வீட்டுக்குப் போவோம்" என்று இழுத்தேன். ஒரு பொம்பளை வந்து மாட்டைப் பிடித்ததும் மரத்தடியில் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி மறுபடி ரோட்டில் ஏறியது. ஊர் எல்லை வரும்வரை நான் ஏறவே இல்லை, கயிற்றைப் பிடித்தபடி நடந்தே வந்தேன்.

அதற்குப் பிறகு லோடு போகும் நாளெல்லாம் கூடப் போனேன். கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனேன். கடை வருவதற்கு முன்னாலேயே ஒரு கிணற்றடியில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினோம். வயிறு நிறையக் குடித்துவிட்டும் செவலை அந்த வாசலில் நின்றது. நிற்கும், இறங்குவேன், தடவிக்கொடுத்து இழுப்பேன். நாளாக நாளாக நிற்கிற நேரம் குறைந்தது. பிறகு தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு நடந்தது.

கம்பு அறுப்பு சமயம், சின்னவனுக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நான் போகவில்லை. பொழுது இறங்குவதற்குள் சலங்கை கேட்டது. ஓடிவந்து பார்த்தால் வண்டியிலிருந்து இறங்காமலே சிரிக்கிறார்.

"ஏ பிள்ள, இன்னைக்கு செவலை திரும்பிக்கூடப் பாக்கல."

எனக்கு முன்னால் ஓடியது என் மகள். சக்கரத்துக்குக் கிட்டப் போய்க் கையை நீட்டி, "மிட்டாய் எங்க?" என்றாள்.

பிறகு அரசாங்கமே அந்தக் கடைகளை மூடியது. எங்களுக்கு அது அதற்கு முன்னமே மூடியாகிவிட்டது. அவர் போய்ச் சேரும்வரை குழம்பில் ஒரு கல் உப்புக் கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார், நானும் அதைக் கேட்பதற்கென்றே சில நாள் ஒரு கல் கூடப் போடுவேன். ஒரு வாசலை மறக்கச் செவலைக்கு அத்தனை லோடு ஆனது, ஒரு நாள்கூட நாங்கள் அதன் மேல் கோபப்படவில்லை. கட்டின மனுஷருக்கு மட்டும் நான் ஒரு சாயங்காலம்கூடக் கொடுக்கவில்லை. அன்றைக்குத் தெருவில் முகத்தைத் திருப்பாமல் இருந்திருந்தால், அவர் மூச்சில் எனக்குக் கருப்பட்டி வாசம்தான் அடித்திருக்கும்.