வில்லனின் நீல மீசை

இன்று வவுனியாவில் ஒரு பழைய புத்தகக் கடையில் குங்ஃபூ சித்திரக்கதை ஒன்றைக் கண்டேன். கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, கவனமாப் பிரட்டுங்கோ," என்று எடுத்துத் தந்தார் கடைக்காரர். "இது, படம் கீறின ஓவியர் பேரெடுக்க முந்திச் செய்த வேலை. வில்லன்ர மீசையைப் பாருங்கோ, அது அச்சில்லை. அவரே பேனையால கீறிப் பாத்திருக்கிறார்."

பார்த்தேன். நீலப் பேனை மீசை. ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் கட்டை. வில்லனின் நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு வேறு.

"இதை எங்கால எடுத்தனீங்கள், அண்ணை?"

"பழசு சேர்க்கிற ஒராளிட்ட."

"அவர் எந்த ஊர்?"

"உங்களுக்கேன் அந்தக் கதை?" புத்தகத்தைப் பறிக்காத குறையாக வாங்கி, அலுமாரியைப் பூட்டினார்.

அந்த மீசையையும் பொட்டையும் கீறியது நான். பள்ளிக்கூட நாளில். சண்டைக்குள் இடம்பெயரும்போது, வற்றாப்பளையில் எங்கள் வீட்டு வளவுக்குள் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் பரலில் போட்டுப் புதைத்த புத்தகம் அது. திரும்பி வந்தபோது குழி மட்டும்தான் இருந்தது.

அதே பரலில் அம்மாவின் தையல் மெஷினும் இருந்தது. இப்போது அது எந்தப் பெரிய தையல்காரர் தொழில் பழகிய மெஷினாக, எந்த அலுமாரிக்குள் இருக்கிறதோ?

கண்டவர்கள் சொல்லுங்கள்.